நடிக்கப் போகிறேன் என்கிற மகளுக்கு எந்தப் படிப்பு?

அன்புள்ள அம்மா,

சனிக்கிழமை நீங்களும் உங்கள் கணவரும் வந்தபோது, உங்கள் மகள் வாயே திறக்கவில்லை. "இதை வாசித்துக் காட்டும்மா" என்று மேசைமேல் கிடந்த ஒரு கல்லூரியின் கட்டண விவரத்தை நீட்டினேன். முதலில் பாட்டி கதை சொல்வதுபோல வாசித்தாள். பிறகு அதையே கடன் கேட்டு வந்து வாசலில் தயங்கி நிற்பவரின் குரலில் வாசித்தாள். நீங்கள் சிரித்தீர்கள், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். "ஆசை இருக்கட்டும் சார், முதல்ல இன்ஜினீயரிங் முடிக்கட்டும். பெரியப்பா சீட்டுக்குச் சொல்லி வெச்சிருக்காரு" என்றீர்கள்.

அன்று ஆறுதல் சொல்லி அனுப்பியது என் தவறு. அந்த மேனேஜ்மென்ட் கோட்டா சீட் வேண்டாம். நகையை அடகு வைத்தும் கல்விக்கடன் வாங்கியும் அவளுக்குப் பிடிக்காத படிப்பில் நான்கு வருடம் போடப்போகிறீர்கள். அதை முடித்து அவள் நடிக்க வந்தாலும், சீரியலில் சம்பளம் நாள் கணக்கு. கால்ஷீட் மாதத்துக்குச் சில நாள்தான் வரும், கதை திரும்பினால் பாத்திரமே காணாமல் போகும். தவணை கட்டவேண்டிய பெண்ணால் பிடிக்காத வேடத்தையும் மறுக்க முடியாது, தப்பாகப் பேசுகிற ஆளையும் விட்டு விலக முடியாது. அவளுடைய பாதுகாப்பை நினைத்துத்தானே பயப்படுகிறீர்கள்? கடன் இல்லாமல் இருப்பதுதான் அவளுக்கு முதல் பாதுகாப்பு.

விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் படிப்பு, மூன்று மாத நடிப்புப் பயிற்சி பற்றியெல்லாம் உறவினர்களே சொல்லியிருப்பார்கள். யாரும் சொல்லாத வழி ஒன்று இருக்கிறது. டெல்லியில் 1959-இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி, மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. அங்கே 3 ஆண்டு டிப்ளமோ. படிக்கிறவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. குரல், உடல்மொழி, ஒப்பனை, ஒளியமைப்பு, உடை, மேடையமைப்பு என்று எல்லாவற்றிலும் கைவைக்க வேண்டும். சேர ஏதாவது ஒரு பட்டம், நாடகங்களில் பங்கேற்ற அனுபவம், ஓரளவு இந்தியும் ஆங்கிலமும் வேண்டும். முதல் சுற்றில் தேறினால் டெல்லியில் சில நாள் பட்டறை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். இடங்கள் மிகக் குறைவு, கிடைக்காமலும் போகலாம். அதனால் அதே பள்ளியின் பெங்களூரு மையத்தின் 1 ஆண்டு நடிப்புப் பயிற்சியையும், புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தின் முதுகலை நாடகப் படிப்பையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

ரோகிணி ஹட்டங்கடி அந்த டெல்லிப் பள்ளியில் படித்தவர். மராத்தி மேடையில் நின்றவர். 'காந்தி' படத்தில் கஸ்தூர்பாவாக நடித்து பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருது வாங்கினார். பிறகு தொலைக்காட்சித் தொடர்களிலும் ஆண்டுக்கணக்கில் நடித்தார். அம்மா வேடமோ மாமியார் வேடமோ, வயது கூடக்கூட அவருக்கு வேலை இருந்தது. முகத்தை மட்டும் நம்பி வருகிறவர்களுக்கு அது வாய்ப்பதில்லை.

இப்போதைக்கு அரசுக் கல்லூரியில் பி.ஏ. தமிழோ ஆங்கில இலக்கியமோ சேரட்டும். அவளையே கேளுங்கள், அவள் சொல்வதை விண்ணப்பத்தில் எழுதுங்கள். வார இறுதியில் ஒரு நாடகக் குழுவுக்குப் போகட்டும். ஆரம்பத்தில் பாய் விரிப்பாள், விளக்குத் தூக்குவாள், வசனம் மறந்தவருக்குத் திரைக்குப் பின்னால் நின்று எடுத்துக் கொடுப்பாள். முதல் சில மாதம் ஒத்திகைக்கு நீங்களும் கூடப் போங்கள். பள்ளி நாடகத்தில் மற்றவர்கள் வசனத்தையும் மனப்பாடம் செய்திருந்தாள் என்றீர்களே, அந்தப் பழக்கம் அங்கே உதவும்.

ஆடிஷனுக்கும் போட்டோ ஆல்பத்துக்கும் பணம் கேட்கிற யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வேலை கொடுக்கிறவர் சம்பளம் தருவார், வாங்கமாட்டார். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாலியல் தொல்லையை விசாரிக்கப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பதையும் அவளுக்குச் சொல்லி வையுங்கள்.

பெரியப்பாவிடம் பேச உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் என் எண்ணைக் கொடுங்கள், நான் பேசுகிறேன். வெள்ளிக்கிழமை கட்டச் சொன்ன முன்பணத்தை மட்டும் கட்டிவிடாதீர்கள்.