நாலு அரியர் இருக்கும்போது பையனைக் கத்தாருக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகன் டிப்ளமோ இ.இ.இ. (எலெக்ட்ரிக்கல்) மூன்று வருடம் முடித்துவிட்டான். கடைசி ரிசல்ட்டும் வந்தாயிற்று. மொத்தம் நான்கு அரியர்: எம்-1, எம்-2 (இரண்டும் கணக்கு), சர்க்யூட்ஸ், மிஷின்ஸ். எங்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டம், குலசேகரம் பக்கம் ஊர். வீட்டுக்காரர் ரப்பர் வெட்டுக்குப் போகிறார். இவனும் விடியும் முன்னே கூடப் போய் வெட்டிவிட்டுத்தான் காலேஜுக்குப் பஸ் ஏறுவான். கத்தாரில் இருக்கிற என் தம்பி, "எலெக்ட்ரீஷியன் ஹெல்பர் விசா ஒண்ணு இருக்கு, உடனே அனுப்பு, அரியரை லீவுக்கு வரும்போது எழுதிக்கலாம்" என்கிறான். ஏஜென்ட் ஒரு லட்சத்து இருபதாயிரம் கேட்கிறார். அனுப்பலாமா சார்? இங்கேயே இருந்தால் இவனுக்கு என்ன வேலை கிடைக்கும்?

பதில்: இப்போது அனுப்பாதீர்கள் அம்மா. கல்ஃபுக்கே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னால் ஊர் சிரிக்கும். பாதி வீடுகளின் கான்கிரீட் அந்தப் பணத்தில் எழுந்தது. ஆனால் ஹெல்பராகப் போவதற்கும் டெக்னீஷியனாகப் போவதற்கும் நடுவில் இந்த நான்கு பேப்பர்தான் நிற்கிறது. அதைத் தாண்டிவிட்டுப் போகட்டும்.

"லீவுக்கு வரும்போது எழுதலாம்" என்ற பேச்சை முப்பது வருடம் பாலிடெக்னிக்கில் வகுப்பெடுத்த நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். போர்டு எக்ஸாம் வருவது ஏப்ரலிலும் அக்டோபரிலும். கம்பெனி லீவு கொடுப்பது பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதுவும் அவர்களுக்கு வசதியான மாதத்தில். இரண்டும் ஒத்துவருவது அபூர்வம். அப்படியே ஒத்துவந்தாலும், லீவில் வந்தவன் கல்யாண வீட்டுக்குப் போவானா, கணக்குப் படிப்பானா? இதற்குள் பாடத்திட்டமும் மாறிவிடும். எம் ஸ்கீம் போய் என் ஸ்கீம் வந்தது, பிறகு 2023 ரெகுலேஷன் வந்தது. பழைய ஸ்கீம்காரர்கள் தன் பேப்பருக்கு ஈடான பேப்பர் எது என்று ஆபீசில் போய் விசாரித்துக்கொண்டிருப்பார்கள். டிப்ளமோவை முடிக்கக் காலவரம்பும் உண்டு. அது தாண்டினால், அரசு எப்போதாவது கொடுக்கும் சிறப்பு வாய்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

என்னிடம் படித்த ஒரு பையன் இரண்டே இரண்டு அரியரோடு அக்கரை போனான். நல்ல கை வேலைக்காரன். எட்டு வருடம் கழித்து அவனை சூப்பர்வைசர் ஆக்க கம்பெனியே முன்வந்தது. டிப்ளமோ சர்ட்டிஃபிகேட்டை அட்டெஸ்டேஷன் செய்து கொண்டு வா என்றார்கள். அவனிடம் இருந்தது மார்க் ஷீட்டுகள் மட்டும். அவனுக்குக் கீழே வேலை பழகிய பையன் அந்த இடத்துக்கு வந்தான். இதை என்னிடம் போனில் சொல்லும்போது அவன் அழவில்லை, சிரித்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, நான்கு பேப்பரை எப்படித் தாண்டுவது? உங்கள் பட்டியலைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இது நான்கு நோய் இல்லை, ஒன்றரை நோய்தான்.

சர்க்யூட்ஸில் கட்டாயம் வரும் ஒரு கணக்கைச் சொல்கிறேன், பையனிடம் காட்டுங்கள். இரண்டு லூப், முதல் லூப்பில் 10 வோல்ட் சப்ளை. முதல் லூப்பில் மொத்தம் 6 ஓம், இரண்டாவதில் 8 ஓம், இரண்டுக்கும் பொதுவாக 4 ஓம். கிர்க்காஃப் விதிப்படி இரண்டு சமன்பாடுகளைப் பையன்கள் சரியாகவே எழுதிவிடுவார்கள். பிறகு டிட்டர்மினன்ட் போட வேண்டும்: மேல் வரிசையில் 6, −4; கீழ் வரிசையில் −4, 8. குறுக்கே பெருக்கிக் கழித்தால் இதன் மதிப்பு 48 கழித்தல் 16, அதாவது 32. இங்கேதான் சறுக்கல். மைனஸ் நாலையும் மைனஸ் நாலையும் பெருக்கினால் பிளஸ் 16 என்பதை மறந்து, மைனஸ் 16 என்று போட்டு, அதைக் கழிக்கப் போய்க் கூட்டி, 64 என்று எழுதுவார்கள். முதல் லூப் கரன்ட், 10-ஐ 8-ஆல் பெருக்கிய 80-ஐ 32-ஆல் வகுத்து 2.5 ஆம்பியர் வர வேண்டியது, 1.25 ஆம்பியராகி நிற்கும். பேப்பர் திருத்தும்போது இதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. பையனுக்குக் கரன்ட் தெரியும், சர்க்யூட் தெரியும். தெரியாதது டிட்டர்மினன்ட். அது எந்தப் பேப்பரில் இருக்கிறது? எம்-1-இல், அதுவும் முதல் யூனிட்டில்.

ஆக எம்-1 ஒழுங்காகப் படித்தால் சர்க்யூட்ஸ் பாதி வந்துவிடும். சர்க்யூட்ஸ் வந்தால் மிஷின்ஸில் டிரான்ஸ்ஃபார்மர் பகுதி புரிய ஆரம்பிக்கும். அதனால் படிக்கும் வரிசை முக்கியம். நான்கு புத்தகத்தையும் ஒரே நேரத்தில் விரிக்க வேண்டாம். முதல் ஆறு வாரம் எம்-1-ம் சர்க்யூட்ஸும் மட்டும். எம்-2 அப்புறம். மிஷின்ஸ் கடைசியில்: அதில் படம் வரைந்து பாகங்களின் பெயரைச் சரியாகக் குறித்தாலே மார்க் விழும், ஆங்கிலத்தில் பத்தி பத்தியாக எழுதத் திணறுகிற பையனுக்கு அது பெரிய ஒத்தாசை. பழைய கேள்வித்தாள்கள் ஐந்து வருடத்துக்கு எடுத்து, ஒரே கேள்வி எத்தனை முறை சட்டையை மாற்றிக்கொண்டு வருகிறது என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதில் நாள் கடத்தக் கூடாது. ரிசல்ட் வந்த சில நாட்களுக்குள் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். நகலைப் பார்த்த பிறகு மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். மார்க் கூடும் என்ற ஆசையில் மட்டும் வாங்க வேண்டாம். எங்கே கோட்டை விட்டோம் என்று பார்க்க அதைவிட நல்ல கைடு இல்லை. கடைசித் தேர்வில் எழுதிய பேப்பர் இதில் இருந்தால் நாளைக்கே காலேஜ் ஆபீசுக்கு அனுப்புங்கள். போன கையோடு துறைத் தலைவரையும் பார்க்கட்டும். படிப்பு முடிந்த பையன்கள் காலேஜ் கேட்டைத் தாண்ட வெட்கப்படுகிறார்கள். எங்களுக்கோ, சந்தேகம் கேட்டு வருகிற அரியர் பையனைப் பார்த்தால் சந்தோஷம்தான். வகுப்பில் அறுபது பேரோடு கிடைக்காத அரை மணி நேரம் அவனுக்குத் தனியாகக் கிடைக்கும்.

பால் வெட்டு விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை. விடியும் முன் எழுந்து முந்நூறு மரம் வெட்டியவன் மத்தியான வகுப்பில் தூங்காமல் என்ன செய்வான்? அவனைச் சோம்பேறி என்று எந்த வாத்தியாராவது சொல்லியிருந்தால் அது அநியாயம். வெட்டை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை, உங்கள் அடுப்பு எப்படி எரிகிறது என்று எனக்குத் தெரியாதா? மழை பிடித்து வெட்டு நடக்காத நாட்கள் நம் பக்கம் நிறைய வரும். அந்த நாட்கள் முழுக்கப் படிப்புக்கு. தேர்வுக்கு முந்தைய ஒரு மாதம் மட்டும் அவனை வெட்டுக்குக் கூப்பிடாதீர்கள்.

இனி வேலை. டிப்ளமோ கையில் வந்ததும் நேரே வேலை தேடாமல், ஒரு வருடம் அப்ரன்டிஸ் போவதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். 1961-ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டப்படி நடக்கிற பயிற்சி இது. டிப்ளமோ, டிகிரிக்காரர்களுக்கு நாட்ஸ் என்ற தளத்தில் பதிவு செய்ய வேண்டும். தென் மாநிலங்களுக்கான அப்ரன்டிஸ் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. 2019-இல் திருத்திய விதி டிப்ளமோக்காரருக்கு மாதம் குறைந்தது 8,000 ரூபாய் என்று வைத்தது. கத்தார் சம்பளத்தோடு ஒப்பிட்டால் உங்கள் தம்பி சிரிப்பார். ஆனால் அந்த ஒரு வருடச் சான்றிதழ் சாகும்வரை கூட வரும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு முடிச்சு உண்டு. ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் இருப்பவரை நாட்ஸில் எடுக்க மாட்டார்கள். அதாவது, இப்போது ஹெல்பராகப் போய் இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து பேப்பரைக் கிளியர் செய்தாலும் இந்தக் கதவு மூடியிருக்கும்.

எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். நம் பையன்களுக்கு இந்த விஷயத்தில் இடம் வாய்த்திருக்கிறது. நாகர்கோவில் ராணித்தோட்டத்தில் அரசுப் போக்குவரத்துக் கழகம், மணவாளக்குறிச்சியில் ஐ.ஆர்.இ.எல். மணல் ஆலை, ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகம், கூடங்குளத்தில் அணுமின் நிலையம், அந்தப் பக்கம் திருவனந்தபுரம் தும்பாவில் இஸ்ரோவின் ராக்கெட் மையமான வி.எஸ்.எஸ்.சி. எல்லாமே அப்ரன்டிஸ் எடுக்கிற இடங்கள். அறிவிப்பு வரும் மாதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், எத்தனை இடம் என்பதும் மாறும். தளத்தில் வாரம் ஒரு தடவை பார்க்கும் பழக்கம் வேண்டும். பல இடங்களில் டிப்ளமோ மார்க்கை வைத்துத்தான் வடிகட்டுகிறார்கள், ஆகவே அரியரை முக்கி முனகி பாஸ் மார்க்கில் நிறுத்தாமல் கொஞ்சம் கூடவே எடுக்கப் பார்க்கட்டும்.

தனியார் என்றால் முப்பந்தல், ஆரல்வாய்மொழி காற்றாலைகள். இ.இ.இ. பையனுக்கு அங்கே மராமத்து வேலை எப்போதும் உண்டு. காற்று சீசன் தொடங்கும் முன் எல்லா மிஷினையும் சரிபார்க்க ஆள் தேடுவார்கள். உயரத்தில் ஏறி வேலை செய்ய வேண்டும், தலைசுற்றல் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு அதிகாலை எழுவதும் தனியாக வேலை செய்வதும் புதிதில்லை, அது அங்கே நல்ல குணம். விழிஞ்ஞம் துறைமுகமும் இப்போது ஓட ஆரம்பித்துவிட்டது. குலசேகரத்துப் பிள்ளைக்கு மலையாளம் தானாக வாயில் வரும், சென்னைப் பையனுக்கு அது வராது.

இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்று ஒரு மாதிரி. மூன்று ஃபேஸ் மோட்டார் ஒன்று ஓடவில்லை, உறுமுகிறது. முதலில் என்ன பார்ப்பாய்? நம் பையன்கள் உடனே மோட்டாரின் தத்துவத்தை ஒப்பிக்கத் தொடங்குவார்கள். கேட்பவருக்கு அது வேண்டாம். சுவிட்சை ஆஃப் பண்ணுவேன். சப்ளை மூன்று ஃபேஸும் வருகிறதா என்று மீட்டரில் பார்ப்பேன், ஒன்று போயிருந்தால் ஃபியூஸைப் பார்ப்பேன். சரியாக இருந்தால் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்ப்பேன், பேரிங் பிடித்திருக்கலாம். அதற்கும் அப்புறம்தான் மெகர் என்ற இன்சுலேஷன் மீட்டர் வைத்து வைண்டிங்கைப் பார்ப்பேன். இந்த வரிசையில் நாலு வாக்கியம் தமிழில் சொன்னாலே எழுந்து கை கொடுப்பார்கள். பக்கத்தில் மோட்டார் வைண்டிங் கடை இருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் நிற்கட்டும்.

கோணத்தில் இருக்கிற மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து, மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க மறக்க வேண்டாம். அங்கேயே போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பும் நடக்கும். ரயில்வே ஜே.இ. தேர்வுக்கு டிப்ளமோ போதும். மார்க் நன்றாக வந்து, கணக்கும் பிடித்துப்போனால் லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் வருடம் சேரலாம். உங்கள் மகனுக்கு இப்போதைக்கு அதை நான் சொல்ல மாட்டேன்; எம்-1-இல் இடறியவனுக்கு அங்கே இன்னும் கணக்குப் பேப்பர் காத்திருக்கும். "ஆறே மாதத்தில் சேஃப்டி ஆபீசர்" என்று பஸ்ஸுக்குப் பின்னால் எழுதியிருக்கும் விளம்பரங்களை நம்பி இந்த இடைவெளியில் பணம் கட்டிவிடாதீர்கள். டிப்ளமோவுக்கு மேல் சேர்த்தால்தான் அந்தப் படிப்புக்கு மரியாதை.

கடைசியாக அந்த ஒரு லட்சத்து இருபதாயிரம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு அரசு வைத்திருக்கும் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கு மேல் கேட்கிறவர் ரசீது தருவாரா என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். பதிவு எண்ணை வாங்கி இ-மைகிரேட் தளத்தில் சரிபாருங்கள். சந்தேகம் என்றால் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது, ஒரு நாளில் போய் வந்துவிடலாம். தம்பியிடம் கோபப்பட வேண்டாம், அவர் மருமகன் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் கூப்பிடுகிறார். அவர் கம்பெனியில் ஹெல்பருக்கு என்ன சம்பளம், டிப்ளமோ டெக்னீஷியனுக்கு என்ன சம்பளம் என்று மட்டும் கேளுங்கள். அந்த இரண்டு தொகையையும் ஒரு தாளில் எழுதி, பையன் படிக்கிற மேசைக்கு மேலே அவனையே ஒட்டச் சொல்லுங்கள். அக்டோபர் தேர்வுக்குப் பணம் கட்டக் கடைசித் தேதி எது என்பதையும் அதே தாளில் எழுதிவிடட்டும்.