செல்லியர் அண்ட் பெல்லட் 9 மி.மீ. தோட்டா பிரேசில் தயாரிப்பா? தரம் எப்படி?

பிரேசில் இல்லை. செக் குடியரசில் விலாஷிம் என்ற சிறு நகரத்தில் தயாராகிறது.

நான் பிராகில் வேலை பார்க்கிறேன், வந்து ஆறு வருடம் ஆகிறது. அலுவலக நண்பர் ஒருவர் ஒரு சனிக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு இழுத்துப் போனதில் தொற்றிக்கொண்ட பழக்கம் இது. இங்கே எந்த ரேஞ்சுக்குப் போனாலும் முதலில் கையில் தருவது எஸ் அண்ட் பி, அதாவது செல்லியர் அண்ட் பெல்லட் பெட்டியாகத்தான் இருக்கும். நம் ஊர்க் கடையில் பிஸ்கட் கேட்டால் எது வருமோ, அதுபோல.

பிரேசில் குழப்பம் எங்கிருந்து வந்தது என்றால், 2009-ல் சி.பி.சி. என்ற பிரேசில் தோட்டா நிறுவனம் இதை வாங்கியது. மாக்டெக் என்ற பெயரில் தோட்டா விற்பவர்களும் அவர்கள்தான். முதலாளி மாறினாலும் ஆலை விலாஷிமிலேயே ஓடியது. 2024-ல் மறுபடி கைமாறி கோல்ட் சிஇசட் குழுமத்திடம் வந்துவிட்டது. உஹெர்ஸ்கி ப்ரோட் என்ற செக் ஊரில் சிஇசட் கைத்துப்பாக்கிகளைச் செய்பவர்களின் தாய் நிறுவனம் அது. ஆக, இப்போது துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

நிறுவனம் தொடங்கியது 1825-ல், பிராகில். லூயி செல்லியர் என்ற பிரெஞ்சுக்கார வியாபாரி ஆரம்பித்தார், பெல்லட் பிறகு சேர்ந்துகொண்டார். அன்று அவர்கள் செய்தது தோட்டா அல்ல, கேப். தீபாவளிக்குப் பொம்மைத் துப்பாக்கியில் வைத்து 'பட் பட்' என்று சுடுவோமே, அதன் மூத்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுத்தியல் அடித்தால் தீப்பொறி பறக்கும், அது உள்ளே இருக்கும் மருந்தைப் பற்ற வைக்கும். அந்த ஆலை இருந்த இடத்துக்கு ஷிஷ்கோவ் பகுதியில் இன்னமும் காப்ஸ்லோவ்னா என்றுதான் பெயர், அதாவது கேப் ஆலை. இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள். 1936-ல் உற்பத்தி விலாஷிமுக்குப் போனது. பிராகிலிருந்து ரயிலில் போனால் பெனெஷோவில் இறங்கி சின்ன ரயிலுக்கு மாற வேண்டும். நான் ஒரு முறை போனேன், ஆலைக்குள் எல்லாம் விடமாட்டார்கள். கோட்டைப் பூங்காவைச் சுற்றிவிட்டுத் திரும்பினேன்.

சரி, தரத்துக்கு வருவோம்.

தோட்டாவின் தரம் என்றதும் பலரும் குறி தவறாமல் போகிறதா என்று கேட்கிறார்கள். எனக்கு அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, ஆயிரமாவது தோட்டாவும் முதல் தோட்டா மாதிரியே வெடிக்கிறதா என்பதுதான். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு முறை விலை குறைவு என்று பழைய கூட்டில் மறுபடி மருந்து நிரப்பிய தோட்டாக்கள் வாங்கினேன், வேறொரு தயாரிப்பாளருடையது, பெயர் வேண்டாம். மூன்றாவது சுற்றுச் சுடும்போது 'டமார்' என்பதற்குப் பதில் 'பொத்' என்றது. அடுத்ததைச் சுட விரல் தயாராக இருந்தது. பின்னால் நின்ற பயிற்சியாளர் போட்ட சத்தத்தில் கை நின்றது. பிரித்துப் பார்த்தால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக் கிடக்கிறது. அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் வீங்கியிருக்கும், வெடித்திருந்தாலும் ஆச்சரியமில்லை. சத்தம் குறைந்தால் சுடுவதை நிறுத்துங்கள், எந்த பிராண்டாக இருந்தாலும்.

அந்தக் கணக்கில் பார்த்தால் எஸ் அண்ட் பி நம்பகமானது. நான்காயிரத்துக்குக் குறையாமல் சுட்டிருப்பேன், பெரும்பாலும் சிஇசட் 75 கைத்துப்பாக்கியில். இதுவரை சிக்கல் வந்ததில்லை. 8 கிராம் குண்டுக்கு நிறுவனம் சொல்லும் வேகம் வினாடிக்கு 360 மீட்டர், 7.5 கிராம் குண்டுக்கு 390. உங்கள் துப்பாக்கியின் குழல் குட்டையாக இருந்தால் இதைவிடக் குறையும், அதற்காகத் தோட்டாவைத் திட்டாதீர்கள். துப்பாக்கி, தோட்டாக்களின் பாதுகாப்புச் சோதனைக்கு விதி வகுக்கும் சி.ஐ.பி. என்ற சர்வதேச அமைப்பில் செக் குடியரசு உறுப்பினர். 9 மி.மீ. லூகர் (நாம் பேசும் இதே 9 மி.மீ.தான்) தோட்டாவுக்கு அவர்கள் வைத்திருக்கும் அழுத்த உச்சவரம்பு 2350 பார். விற்பனைக்கு வருகிற தோட்டா அந்தச் சோதனையைத் தாண்டித்தான் வரவேண்டும். 'கிழக்கு ஐரோப்பா சரக்கு, எப்படி இருக்குமோ' என்று இழுப்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

குறை இல்லாமல் இல்லை. வெற்றுக் கூட்டைப் பொறுக்கி மறுபடி நிரப்புகிறவர்கள், பிரைமர் (அன்றைய கேப்பின் வேலையைச் செய்யும், தோட்டாவின் அடியில் இருக்கும் பகுதி) உட்காரும் குழி இறுக்கமாக இருக்கிறது என்று எப்போதும் முணுமுணுப்பார்கள். பிரைமரைச் சுற்றிச் சிவப்பாக ஒரு பூச்சு தெரியும். ஈரமும் எண்ணெயும் உள்ளே போகாமல் இருக்கத்தான் அது. துப்பாக்கியில் அழுக்குச் சேர்க்கிறது என்று அதையும் குறை சொல்வார்கள். பழைய சரக்கில் சில தோட்டாக்களின் குண்டு காந்தத்தில் ஒட்டும், உறைக்குள் எஃகு இருக்கிறது என்று பொருள். சில உள்ளரங்க ரேஞ்சுகளில் அதற்கு அனுமதி இல்லை, கேட்டுக்கொண்டு போங்கள்.

போட்டிக்கு வாங்கலாமா என்றால், கிளப் அளவில் தாராளமாக. அதற்கு மேல் போகிறவர் என்றால் இரண்டு மூன்று வகைகளை உங்கள் துப்பாக்கியில் போட்டுச் சுட்டுப் பாருங்கள். ஒரே பெட்டித் தோட்டா என் துப்பாக்கியில் சுட்டால் இலக்கில் ஒரு மாதிரியும் நண்பருடையதில் சுட்டால் வேறு மாதிரியும் விழும். எது நன்றாக வருகிறதோ, அதே லாட் எண்ணில் (ஒரே தொகுதியில் தயாரானதற்கான எண்) மொத்தமாக வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். கூட்டின் அடிப்பக்கத்தில் 9x19 என்பதோடு (இந்தத் தோட்டாவின் இன்னொரு பெயர்) இரண்டு இலக்கம் பொறித்திருந்தால் அது தயாரித்த ஆண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையையே விமானத்துக்கும் எடுத்துப் போகாதீர்கள். இந்தியாவில் 9 மி.மீ. தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். மூலையில் ஒரே ஒரு தோட்டா மறந்து கிடந்தாலும் விமான நிலைய ஸ்கேனரில் சிக்கும், 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்காகும். நான் அதற்கென்று தனிப் பை வைத்திருக்கிறேன், அது அலமாரியை விட்டு ரேஞ்சைத் தவிர வேறெங்கும் போகாது.