நெப்போலியனின் காலடியில் வெள்ளைப் பொடி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரலாற்று மனிதர்களின் சிறிய ராணுவ உருவங்களைச் சேர்க்கத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. அண்மையில் பழைய ஈய நெப்போலியன் ஒன்று வாங்கினேன். 54 மி.மீ., நிற்கும் உருவம், பச்சைக் கோட்டு, மார்பில் நட்சத்திரம். மரப் பீடத்தில் 'மாரெங்கோ 1800' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. கண்ணாடிக் கதவு போட்ட ஓக் அலமாரியில் வைத்தேன். ஆறே மாதத்தில் பூட்ஸைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்துவிட்டது. வினிகர் தொட்டுத் துடைக்கலாமா? வண்ணம் அங்கங்கே உதிர்ந்திருக்கிறது, புதிதாக அடித்துவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

வினிகர் வேண்டவே வேண்டாம். உங்கள் நெப்போலியனைத் தின்றுகொண்டிருப்பதே அதுதான். ஓக் மரம் எத்தனை பழையதானாலும், வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தின் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். கதவைச் சாத்தினால் ஆவி உள்ளேயே தங்கி ஈயத்தைப் பிடிக்கிறது. முதலில் ஈய அசிட்டேட், பிறகு காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு ஈயக் கார்பனேட், அதாவது நீங்கள் பார்த்த பொடி. வில்லங்கம் என்னவென்றால், கடைசியில் அமிலம் மறுபடி விடுபட்டு அடுத்த அடுக்கைத் தொடுகிறது. வெள்ளை பெயின்டுக்கான ஈய வெள்ளையை அந்தக் காலத்தில் வினிகர்ப் பானையில் ஈயத்தை வைத்து மூடி இப்படித்தான் எடுத்தார்கள்.

அந்தப் பொடி நஞ்சு. வாயால் ஊதாதீர்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, ஈரக் காகிதம் விரித்து, அதன்மேல் உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டி எடுங்கள். உருவத்தில் ஈரம் படக்கூடாது. காகிதத்தை மடித்துப் பையில் கட்டிப் போடுங்கள். உலோகமே மாவாக நொறுங்கினால் அதோடு நிறுத்திவிட்டு, பழம்பொருள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். பொடியின் மேலேயே வார்னிஷ் அடிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அமிலம் உள்ளே மாட்டிக்கொண்டு வேலையைத் தொடரும்.

பவுடர் கோட்டிங் செய்த உலோகச் சட்டமும் கண்ணாடித் தட்டும் உள்ள அலமாரிக்கு மாற்றுங்கள். காற்று போக இடுக்கு இருக்கட்டும். எம்.டி.எஃப். (மர நார்ப் பலகை), பிளைவுட், அட்டைப்பெட்டி, புளிப்பு வாடை அடிக்கும் சிலிகான் பசை எதுவும் பக்கத்தில் வேண்டாம். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும், அதற்கு சிலிகா ஜெல் போதும். அமில ஆவிக்கு அதை நம்ப முடியாது, செயல்படுத்திய கரி (ஆக்டிவேட்டட் சார்கோல்) வேண்டும். நாளை எலாஸ்டோலின், லினியோல் போன்ற பழைய ஜெர்மானிய உருவங்கள் வாங்கினால் கணக்கு வேறு. அவை மரத்தூளும் பசையும் கலந்த கலவை, உள்ளே இரும்புக் கம்பி. ஈரம் ஏறினால் கம்பி துருப்பிடித்துப் பருத்து உடம்பைப் பிளக்கும். ஒரேயடியாகக் காய்ந்தாலும் வெடிக்கும்.

வண்ணம் அடிக்காதீர்கள். உதிர்ந்த பழைய வண்ணத்துக்கு இருக்கும் மதிப்பு, பளபளக்கும் புது வண்ணத்துக்குக் கிடையாது. முதலில் கழுத்தை லென்ஸில் பாருங்கள். சாதாரண அதிகாரியின் உடம்பில் பிரபலத்தின் தலையை ஒட்டி விற்பது இந்தத் துறையின் பழைய வித்தை. பசைக் கோடு, காலருக்கு மேலும் கீழும் மாறும் பளபளப்பு, புற ஊதா டார்ச்சில் வேறாக ஒளிரும் திட்டு, இவையெல்லாம் காட்டிக்கொடுக்கும்.

இனி மாரெங்கோ. இத்தாலியில் நெப்போலியன் வென்ற அந்தப் போர் 1800 ஜூன் 14 அன்று நடந்தது. மார்பு நட்சத்திரம் லெஜியன் ஆஃப் ஹானர் என்ற பிரெஞ்சு விருதின் சின்னம், அந்த விருது நிறுவப்பட்டதே 1802இல். அந்த நட்சத்திரம் மாரெங்கோவில் மார்பில் இருந்திருக்க வழியில்லை. காவல்படைக் குதிரைவீரர்களின் பச்சைக் கோட்டும் பேரரசர் காலத்து அடையாளம். மாரெங்கோவில் அவர் முதல் கான்சல் (பேரரசராகும் முன் வகித்த, பிரெஞ்சு அரசின் தலைமைப் பதவி), வயது 30, ஒல்லி. உங்கள் உருவத்துக்குத் தொந்தி தெரிந்தால் அது 1809ஐ ஒட்டியோ பிறகோ உள்ள ஆள். தொப்பியின் முனைகள் தோள்களுக்கு நேராக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பக்கவாட்டில் அணிவது அவர் வழக்கம். உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 5 அடி 2 அங்குலம் என்பது பழைய பிரெஞ்சு அளவு, நம் கணக்கில் சுமார் 168 செ.மீ. 54 மி.மீ. உருவங்களுக்கு வழக்கமான 1:32 அளவில் 52 மி.மீ.க்குச் சற்று மேல் வரும். குள்ளனாக வார்த்திருந்தால் தவறு வார்த்தவருடையது.

இன்னொன்று. பொடி பூட்ஸைச் சுற்றி மட்டும்தான் என்கிறீர்கள். அப்படியானால் அலமாரியைவிட பீடத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். அதுவும் ஓக்காக இருக்கலாம். உருவத்தை முதலில் அதிலிருந்து கழற்றி அக்ரிலிக் துண்டின்மேல் நிறுத்துங்கள். சீட்டைக் கிழிக்காமல், பீடத்தோடு வேறு இடத்தில் வையுங்கள். தவறான சீட்டானாலும் உருவம் கைமாறி வந்த வரலாற்றில் அதற்கும் பங்குண்டு.