ஒரே ஆள் தாங்குகிற வேலையா இது?

கேள்வி: மாமியாருக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்து ஒன்றேகால் வருஷம் ஆகிறது. தூக்குவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் நான்தான். இடுப்பு விட்டுப்போகிறது, மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டு ஓட்டுகிறேன். முகாமில் பிரஷர் 150/100 என்றார்கள், மறுபடி போய்ப் பார்க்க நேரமில்லை. ஈரோட்டில் இருக்கும் நாத்தனார் பத்து நாள் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். "மருமக தள்ளி உட்டுட்டாள்னு ஊரு பேசும்" என்று வீட்டுக்காரர் தயங்குகிறார். ஓய்வு கேட்பது சுயநலமோ என்று எனக்கும் உறுத்துகிறது.
– பெயர் வேண்டாம், காங்கேயம் பக்கம்

பதில்: அனுப்பி வையுங்கள் அம்மிணி. பெற்ற மகள் தன் அம்மாவைத் தன் வீட்டில் வைத்துப் பார்ப்பதில் தள்ளிவிடுவது எங்கே வந்தது? பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. பெற்றவர்களைக் காக்கும் பொறுப்பு பிள்ளைகளுக்கு என்று அது சொல்கிறது. பிள்ளைகள் யார் என்றும் சொல்கிறது: மகன், மகள், பேரன், பேத்தி. அந்த வரிசையில் மருமகள் இல்லை. நீங்கள் பாசத்தால் செய்கிறீர்கள், அது பெரிய மனசு. அதைக் காட்டி மற்றவர்கள் விலகி நிற்பதுதான் தப்பு.

சுயநலம் என்ற பேச்சை இதோடு விடுங்கள். 1999-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, நோயாளியான கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்டு அந்தப் பாரத்தில் நொந்துபோயிருந்த முதியவர்களை நான்கு ஆண்டு தொடர்ந்து கவனித்தது. அப்படிப் பார்க்கவேண்டிய தேவை இல்லாதவர்களைவிட இவர்கள் இறக்கும் அபாயம் 63 சதவீதம் கூடுதல். அவர்கள் உங்களைவிட வயதில் மூத்தவர்கள், அதனால் அந்தக் கணக்கை அப்படியே உங்கள்மேல் வைக்க முடியாது. ஆனாலும் 150/100-ஐ வைத்துக்கொண்டு நேரமில்லை என்று இருக்க உங்களுக்கு உரிமை கிடையாது. நீங்களும் படுத்துவிட்டால் அந்த வீட்டில் இரண்டு கட்டில் போடவேண்டும்.

முதலில் அந்த வலி மாத்திரை. டைக்ளோபினாக் வகை மாத்திரையை நாள் கணக்கில் விழுங்கினால் ரத்த அழுத்தம் ஏறலாம், சிறுநீரகமும் கெடலாம். இடுப்புக்குப் போடுவதே பிரஷரை ஏற்றிக்கொண்டிருக்கலாம். அதை நிறுத்திவிட்டு, என்ன மாத்திரை எத்தனை நாள் போட்டீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அட்டையையே கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒருமுறை 150/100 வந்ததை வைத்து மட்டும் ரத்தக்கொதிப்பு என்று முடிவு கட்டமாட்டார்கள், திரும்பப் பார்க்கவேண்டும். பார்ப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ வேண்டாம். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். ஒரு நிமிஷம் விட்டு இரண்டு முறை எடுக்கச் சொல்லுங்கள். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் உண்டு. மாமியார் பெயர் அதில் இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுச் சேருங்கள். வருகிறவர் மாமியாரைப் பார்த்து முடித்ததும் உங்கள் கையையும் நீட்டுங்கள்.

இடுப்புக்கு வருவோம். நம் பக்கத்து வீடுகளில் நோயாளியைக் கயித்துக்கட்டிலில்தான் போடுகிறோம். அது நடுவில் தொய்யும். உடம்பு பள்ளத்தில் கிடக்கும், நீங்கள் குனிந்து அந்தப் பள்ளத்திலிருந்து மேலே இழுப்பீர்கள். உங்கள் இடுப்பைத் தின்பது அதுதான். பலகைக் கட்டில் போடுங்கள். மெத்தையின் மேல்மட்டம் உங்கள் இடுப்பு உயரத்துக்கு வரவேண்டும். செங்கல்லை அண்டக் கொடுத்தால் நழுவும். ஆசாரியிடம் சொல்லி, கட்டில் கால் இறங்கி உட்காரும்படி குழி எடுத்த நான்கு மரக்கட்டை செய்துகொள்ளுங்கள். கட்டில் உயர்ந்தால் விழும் பயமும் உயரும். இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் விட்டுப் போட்டு, இரு பக்கமும் கழற்றி மாட்டுகிற தடுப்பு வையுங்கள்.

அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள், வாதம் விழுந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. அந்தத் தோள்மூட்டு லேசில் நழுவும், அப்புறம் தொட்டாலே அலறுவார். பழைய நூல் சேலை ஒன்றை நான்காக மடித்துத் தோளிலிருந்து தொடை வரைக்கும் அடியில் விரித்து வையுங்கள். மேலே நகர்த்தும்போது இரண்டு பேர் இரண்டு ஓரத்தையும் சுருட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கி, ஒரே நேரத்தில் இழுத்தால் தூக்காமலே நகரும். இதை ஒற்றை ஆளாகச் செய்யாதீர்கள். திருப்புவது மட்டும் தனியாக முடியும். எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ அந்தப் பக்கம் நில்லுங்கள். அவருடைய எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி வைத்து, ஒரு கை தோள்பட்டைக்குப் பின்னால், ஒரு கை இடுப்பில் கொடுத்து, உங்களை நோக்கி உருட்டுங்கள். காலில் மரமரப்பு, பலமின்மை, சிறுநீர் போவதில் சிரமம் எதுவும் உங்களுக்கு வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பவேண்டும் என்பதால் ராத்திரித் தூக்கம் உங்களுக்குப் போச்சு. காற்றுப் படுக்கை வாங்கினால் இடைவெளியை எவ்வளவு நீட்டலாம் என்று நர்ஸிடம் கேளுங்கள். வாங்கிவிட்டால் திருப்பவே வேண்டாம் என்பது தப்பு. பலர் அதன்மேல் கம்பளி, ரப்பர் ஷீட் என்று அடுக்கி அதன் பலனையே கெடுக்கிறார்கள். ஒரே ஒரு மெல்லிய துணி போதும். அவர் படுத்திருக்கையில் இடுப்புக்கு நேராகப் படுக்கைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை.

அப்புறம் வீட்டுக்காரருக்கு. நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். ராத்திரி மோட்டார் போட எழுந்து தோட்டத்துக்குப் போகத் தெரிந்த உங்களுக்கு, பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் எழுந்து அம்மாவைத் திருப்பத் தெரியாதா? ஒத்தாசை பண்ணுகிறேன் என்று சொன்னால் போதாது, நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணியிலிருந்து மூன்று மணி வரை உங்கள் முறை. அந்த நேரம் உங்கள் மனைவி வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். உடன்பிறந்தவர்களில் வந்து பார்க்க முடியாதவர், பகலில் நான்கு மணி நேரத்துக்கு ஓர் ஆள் வைக்கும் சம்பளத்தை மாதாமாதம் அனுப்பட்டும். வந்து சாப்பிட்டு, யோசனை சொல்லிவிட்டுப் போகும் பங்காளிகளிடமும் இதையே கேளுங்கள்.

சாப்பாடும் கவனிக்கிற விஷயம்தான். அம்மிணி, மாமியாருக்கு ஊட்டியபின் மிச்சத்தை நின்றுகொண்டே வழித்து வாயில் போடாதீர்கள். அலுத்த நாளில் அரிசிம்பருப்பு ஒரு குக்கர் வைத்து, உங்கள் தட்டில் முதலில் போட்டுக்கொண்டு உட்காருங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையாகவே இருந்தால் 14416-க்குப் பேசுங்கள். அது டெலி மானஸ் என்கிற அரசு மனநல ஆலோசனை எண். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

நாத்தனார் வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் எழுதிக் கொடுங்கள்: எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருந்தால் புரையேறாது, கடைசியாக எந்தப் பக்கம் படுக்க வைத்தது. மடித்த சேலையும் கூடப் போகட்டும். மாமியார் கிளம்புவதற்கு முந்தைய நாள் நாத்தனார் வந்து உங்கள் எதிரில் ஒருமுறை திருப்பிப் பார்க்கட்டும். வண்டி போனபின் பரண் ஒதுக்கவோ மிளகாய் காயப்போடவோ இறங்கிவிடாதீர்கள். முதல் இரண்டு நாள் தூங்குங்கள். மூன்றாம் நாள் காலையில் சுகாதார நிலையம்: பிரஷர், சர்க்கரை, முப்பது வயது தாண்டியிருந்தால் கருப்பைவாய், மார்பகப் பரிசோதனை, நான்கையும் ஒரே நடையில் முடித்துவிட்டு வாருங்கள்.