எஃகு குவெஞ்சிங் (சூடாக்கிச் சட்டென்று குளிர்விப்பது) சிமுலேஷனில் ஒவ்வொரு கட்டத்துக்கும் (எஃகின் உள்ளமைப்பு வகைக்கும்) தனி யீல்டு வலிமை (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் எல்லை) கொடுத்தால் போதுமா?

போதாது. கடினத்தன்மை எவ்வளவு வரும் என்று மட்டும் பார்க்க வேண்டுமானால் சமாளிக்கலாம். பாகம் எவ்வளவு கோணும், உள்ளே தங்கும் தகைவு (ஓரலகுப் பரப்பில் உள்ள விசை) எங்கே இழுவை, எங்கே அழுத்தம் என்பதெல்லாம் வேண்டுமென்றால், யீல்டு வலிமை மட்டும் கொடுத்த மாடலை நான் நம்ப மாட்டேன்.

எந்தக் கட்டம் எவ்வளவு உருவாகிறது என்பது ஓரளவு எளிது. சூட்டில் இருக்கும் கட்டம் ஆஸ்டெனைட், அது மெதுவாகக் குளிர்ந்தால் பெர்லைட்டாகவும், வேகமாகக் குளிர்ந்தால் கடினமான மார்டென்சைட்டாகவும் மாறும். பெர்லைட்டுக்கு அவ்ராமி சமன்பாடு, மார்டென்சைட்டுக்கு 1959-இல் வந்த கோய்ஸ்டினென்–மார்பர்கர் சமன்பாடு. பின்னதில் நேரமே கிடையாது, மார்டென்சைட் தொடங்கும் வெப்பநிலைக்கு எவ்வளவு கீழே இறங்கினோம் என்பதுதான் கணக்கு, வழக்கமான 0.011 மாறிலியை வைத்தால் 100 டிகிரி கீழே சுமார் மூன்றில் இரண்டு பங்கு மாறியிருக்கும்.

அப்புறம் கன அளவு. ஆஸ்டெனைட் மார்டென்சைட்டாகும்போது சில சதவீதம் உப்புகிறது. மேற்பரப்பு முதலில் மாறி விறைத்துவிட, பிறகு உள்பகுதி உப்பி அதை இழுக்கும், முழுக்கக் கடினமாகும் பாகங்களில் மேற்பரப்பு விரிசலுக்கு இது ஒரு முக்கியக் காரணம். இதைச் சேர்த்தவுடன் பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

விட்டுப்போவது கட்ட மாற்ற பிளாஸ்டிசிட்டி, அதாவது கட்டம் மாறும்போதே வரும் நிரந்தர உருமாற்றம். புதிய கட்டம் உப்பும்போது பக்கத்தில் இருக்கும் மென்மையான ஆஸ்டெனைட் உள்ளுக்குள் ஏற்கெனவே யீல்டு ஆகிக்கொண்டிருக்கிறது, அந்த நேரத்தில் வெளியிலிருந்து சின்னத் தகைவு இருந்தாலே போதும், ஓட்டம் அந்தத் திசைக்குச் சாய்ந்துவிடும். 1965-இல் கிரீன்வுட்டும் ஜான்சனும் கொடுத்த விளக்கம் இது. அவர்கள் சமன்பாட்டில் இப்படி வரும் திரிபு (உருமாற்ற அளவு), தகைவுக்கும் கன அளவு மாற்றத்துக்கும் நேர் விகிதம், மென்மையான கட்டத்தின் யீல்டு வலிமைக்குத் தலைகீழ் விகிதம். 50 மெகாபாஸ்கல் தகைவில் மீட்சித் திரிபு (சுமையை எடுத்தால் மறைந்துவிடும் திரிபு) வெறும் 0.025 சதவீதம்தான், மாற்றம் முடிவதற்குள் சேரும் இந்தத் திரிபு எஃகில் அதைப்போல் பத்து மடங்கு எளிதாக வரும். இதை விட்டுவிட்டால் தகைவு தளர வழியே இல்லாமல் கணக்கு மிகையாகக் காட்டும், சில இடங்களில் குறியே மாறிப்போகும்.

இந்தத் திரிபைக் கணக்கிட லெப்லோன் மாடல் எழுதுகிறீர்கள் என்றால் அதிலுள்ள மடக்கை, மாற்றம் தொடங்கும் கணத்தில் எல்லையில்லாமல் போகும், அதனால் முதல் 3 சதவீதம் வரை இந்தத் திரிபைப் பூச்சியமாக வைப்பது வழக்கம். இந்தத் திரிபுக்கான மாறிலியை வேறொரு எஃகிலிருந்து கடன் வாங்காதீர்கள். டைலாட்டோமீட்டரில் (வெப்பநிலையோடு நீளம் மாறுவதை அளக்கும் கருவி) ஒரு மாதிரியைச் சுமை இல்லாமலும் இன்னொன்றை, ஆஸ்டெனைட்டின் யீல்டு வலிமைக்குள் நிற்கும் நிலையான சுமையோடும் குளிரவிட்டு, இரண்டு வளைவுகளின் வித்தியாசத்தை எடுங்கள்.