பால் ஆட்டுக் கொட்டிலில் பிறக்கும் கிடாக்குட்டிகளை என்ன செய்வது?

கேள்வி: பாலுக்காக 15 தலைச்சேரி ஆடுகள் வைத்திருக்கிறேன். பாலை லிட்டர் 100 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். கிடாக்குட்டிகளைப் பத்து நாளிலேயே வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறேன். கறிக்கு வளர்த்தால் கட்டுப்படியாகுமா?

பதில்: கட்டுப்படியாகும். முதல் இரண்டு மாதம் குட்டி எந்தப் பாலைக் குடிக்கிறது என்பதில்தான் கணக்கே இருக்கிறது. நாளுக்குச் சராசரி அரை லிட்டர் என்றாலும் 60 நாளில் 30 லிட்டர். உங்கள் விலைக்கு அது 3,000 ரூபாய். அதே 30 லிட்டர் பசும்பால், லிட்டர் 45 ரூபாய் என்று வைத்தால் 1,350தான். பாலை மிச்சம் பிடிக்கிறேன் என்று குட்டியை அரை வயிற்றில் போட்டால் மட்டும் எல்லாம் போச்சு. அப்போது தேங்கிய வளர்ச்சியைப் பிறகு எவ்வளவு தீவனம் கொட்டினாலும் பிடிக்க முடியாது.

சீம்பாலில் சமரசமே கூடாது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் வாய். 2 கிலோ குட்டிக்கு முதல் 24 மணி நேரத்தில் 200 மில்லியாவது போக வேண்டும். நான்கைந்து நாள் தாயிடம் விட்டுவிட்டு, அப்புறம் ஆட்டுப்பாலில் பசும்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நான்கு நாளில் முழுக்க மாற்றுங்கள். காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆற்றிக் கொடுங்கள்.

தாயிடம் குடித்துப் பழகிய குட்டி முதலில் புட்டிக் காம்பைத் துப்பும். பாலில் தோய்த்த விரலை வாயில் வைத்து, இன்னொரு கையைக் குவித்து அதன் கண்களை மூடிப் பாருங்கள். தாயின் வயிற்றுக்கடியில் நிற்பதாக நினைத்துச் சப்ப ஆரம்பித்துவிடும். குடிக்கும்போது கழுத்து நீண்டு தலை மேல்நோக்கி இருக்கட்டும். அப்போதுதான் பால் நேராக நான்காம் இரைப்பைக்குப் போகும். வாளியிலிருந்து மடக்கு மடக்கென்று விழுங்கினால் முதல் இரைப்பையில் விழுந்து புளித்து, வயிறு உப்பும். முதல் வாரம் நான்கு வேளை, பிறகு மூன்று வேளை. ஒரே வேளையில் வயிறு முட்டக் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் வாரத்திலிருந்தே குட்டித் தீவனமும், வாடவைத்த அகத்தி, வேலிமசால் தழையும் எதிரில் தொங்கட்டும். ஆறாவது வாரத்திலிருந்து பாலைக் குறையுங்கள். எட்டுப் பத்து வாரத்தில், பிறந்த எடையைப் போல இரண்டரை மடங்கைத் தாண்டி, தீவனத்தை ஒழுங்காகத் தின்றால் பாலை நிறுத்தலாம்.

இந்த வயதில் பெரிய எமன் இரத்தக் கழிச்சல். ஈரத் தரையில்தான் அது பரவும். தரைக்கு மேலே இடைவெளி விட்டுப் பலகை அடித்த பரண் இருந்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி தடுப்பூசிகளையும் குடற்புழு மருந்தையும் உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள். நான்காம் மாதத்துக்குள் கிடாக்களைத் தனியே பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் தங்கைகளே சினையாகிவிடும்!

தவிடு மலிவு என்று அதையே கொட்டாதீர்கள். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கிடாக்களுக்குச் சிறுநீர்க் கல் வரும். முக்கி முக்கி நின்று சொட்டுச் சொட்டாகப் போனால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். தாது உப்பும் நிறையத் தண்ணீரும் இருந்தால் இந்தத் தொல்லை குறையும்.

எப்போது விற்பது? கறிக்கடைக்கு என்றால் ஆறேழு மாதத்தில் தள்ளிவிடுவதே என் கட்சி. பால் இன ஆட்டுக்குக் கொழுப்பு தோலுக்கடியில் சேர்வதைவிட, சிறுநீரகத்தையும் குடலையும் சுற்றித்தான் அதிகம் சேரும். முதுகைத் தடவி விலை சொல்கிற வியாபாரி அதற்குக் காசு தரமாட்டார். தலைச்சேரி கறிக்கும் ஏற்ற இனம் என்பதால் உங்களுக்குப் பரவாயில்லை. சானன் என்கிற வெளிநாட்டுப் பால் இனத்தின் கலப்பு என்றால் எலும்பு நீளுமே தவிர தொடையில் சதை பிடிக்காது. பக்ரீத்துக்கு வைப்பதென்றால் கிடாவுக்கு ஒரு வயது முடிந்திருக்க வேண்டும், உடலில் குறை இருக்கக் கூடாது. பண்டிகை ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே வரும் என்பதால், அதைப் பார்த்தே சினை சேர்க்க வேண்டும்.

ஒரு தொங்கு தராசு வாங்கிவிடுங்கள். உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கறி தேறும், 20 கிலோ கிடாவில் 9 கிலோவை ஒட்டி. அதை அன்றைய கறி விலையால் பெருக்கி வைத்துக்கொண்டு, அப்புறம் வியாபாரியோடு பேச உட்காருங்கள்.