ஊரடங்கின் கணக்கு – கடிதம்

வணக்கம் சார்.

ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நள்ளிரவில் நாட்டையே பூட்டினார்கள். அன்று இந்தியா முழுக்கக் கொரோனா கண்டறியப்பட்டவர்கள் ஐந்நூற்றுச் சொச்சம் பேர். மறு வருஷம் ஏப்ரலில் தினமும் இரண்டரை லட்சம் பேருக்குத் தொற்று. அப்போது ஊரடங்கைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று பிரதமர் மாநிலங்களுக்குச் சொன்னார். ஐந்நூறுக்குப் பூட்டு, லட்சத்துக்குத் திறப்பு. இதில் ஏதாவது கணக்கு இருக்கிறதா, இல்லை எல்லாமே குருட்டாம்போக்கா?

செந்தில், ஈரோடு

அன்புள்ள செந்தில்,

கணக்கு இருந்தது. ஆனால் அது நோயாளிகளின் எண்ணிக்கையை வைத்துப் போட்ட கணக்கு இல்லை.

அந்த ஐந்நூறு என்பது பரிசோதனை செய்தவர்களில் அகப்பட்டவர்கள். ஊருக்குள் எத்தனை பேருக்கு இருந்தது என்று அரசுக்கும் தெரியாது. கொள்ளைநோயின் முதல் வாரங்களில் எந்த நாட்டிலும் இதே நிலைதான். ஆஸ்பத்திரியில் வந்து படுத்தவர்தான் எண்ணிக்கையில் சேருவார். வீட்டிலேயே கஷாயம் குடித்துத் தேறியவர் சேரமாட்டார். அதனால் நூற்றுக்கு எத்தனை பேர் சாவார்கள் என்ற விகிதம் ஊதித் தெரியும். 2009-இல் மெக்சிகோவிலிருந்து பன்றிக்காய்ச்சல் செய்திகள் வந்தபோது அப்படித்தான் பதறினார்கள். 2020 மார்ச் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் 3.4 சதவீதம் என்று சொன்னதும் கண்டறியப்பட்டவர்களில் இறந்தவர்களின் விகிதம்தான். சரியான எண் வரும்வரை காத்திருக்கலாம்தான். அதற்குள் நோய் ஊரைச் சுற்றி வந்திருக்கும்.

அப்படியானால் எதை வைத்து முடிவெடுக்கிறார்கள்? பெரும்பாலும், போன முறை எங்கே அடிபட்டோம் என்பதை வைத்து. சூடு கண்ட பூனையின் புத்தி.

அமெரிக்காவில் 1976-இல் நடந்ததைப் பாருங்கள். பிப்ரவரியில் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் ஒரு சிப்பாய் இறந்தார். அவரிடம் கிடைத்த வைரஸ் பன்றிக்காய்ச்சல் வகை. 1918-இன் ஃப்ளூ கொள்ளைநோய்க்குக் காரணமான வைரஸுக்கு உறவு என்று அன்று நம்பப்பட்டது. அந்த முகாமில் இருநூறு பேருக்கு மேல் தொற்று பரவியிருந்தது, சாவு அந்த ஒன்றுதான். 1957-லும் 1968-லும் ஃப்ளூ கொள்ளைநோய் வந்தபோது தடுப்பூசி தாமதமாக வந்து சேர்ந்த வருத்தம் சுகாதார அதிகாரிகளுக்கு ஆறவே இல்லை. நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் தலைவர் டேவிட் சென்சர் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். அதில் நான்கு வழிகள் இருந்தன. முதல் வழி எதுவும் செய்யாமல் இருப்பது. நாட்டு மக்கள் எல்லோருக்கும் ஊசி போடுவதுதான் அவர் பரிந்துரைத்தது. நோய் பரவ வலுவான சாத்தியம் இருக்கிறது என்றார். ‘வலுவான’ என்றால் பத்தில் ஒன்றா, பத்தில் ஏழா? குறிப்பில் இல்லை. அதைப் படித்துவிட்டு எந்த ஜனாதிபதி வேண்டாம் என்பார்? அதுவும் தேர்தல் வருஷத்தில். மார்ச் 24-ஆம் தேதி (தற்செயல்தான், ஆனால் அதே தேதி!) போலியோ தடுப்பு மருந்துகளைக் கண்டுபிடித்த சால்க்கையும் சேபினையும் உட்கார வைத்துக் கூட்டம் நடத்தி, ஜனாதிபதி ஃபோர்டு திட்டத்தை அறிவித்தார்.

அப்புறம் நோய் வரவே இல்லை. முகாமைத் தாண்டி அந்த வைரஸ் எங்கும் பரவவில்லை. ஆனால் திட்டம் ஓடிக்கொண்டே இருந்தது. இழப்பீட்டு வழக்கு வந்தால் யார் தலையில் விடியும் என்று காப்பீட்டு நிறுவனங்கள் பின்வாங்கின. ஆகஸ்டில் தனிச் சட்டம் போட்டு அரசே பொறுப்பேற்றது. அக்டோபரில் ஊசி தொடங்கியது. நான்கு கோடிப் பேருக்கு மேல் போட்டுக்கொண்ட பிறகு, கியான்-பாரே என்ற நரம்பு பாதிப்பு ஊசி போட்டவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தது. ஏறத்தாழ லட்சத்தில் ஒருவருக்கு. டிசம்பரில் நிறுத்தினார்கள். தேர்தலில் ஃபோர்டு ஏற்கனவே தோற்றிருந்தார். மறு வருஷம் சென்சரின் பதவியும் போனது.

இதில் சென்சரை நான் குறை சொல்லமாட்டேன். மருந்தைத் தயாரித்து வைக்கச் சொன்னது சரியான முடிவு. மருந்தைத் தயாரிப்பதையும் அதை எல்லோருக்கும் போடுவதையும் ஒரே முடிவாகக் கட்டிவிட்டதுதான் கோளாறு. மார்ச்சில் தயாரி, நோய் பரவினால் போடு என்று பிரித்திருக்கலாம். சேபினே சில மாதங்களில் அந்தப் பக்கம் சாய்ந்தார். ஆனால் திரும்பிப் பார்க்க வேண்டிய இடம் என்று ஒன்றைத் திட்டத்தில் யாரும் குறித்து வைக்கவில்லை.

பிரான்ஸில் இதன் மறுபக்கம் நடந்தது. 2009-இல் சுகாதார அமைச்சர் ரோஸ்லின் பாஷ்லோ 9.4 கோடி டோஸ் பன்றிக்காய்ச்சல் தடுப்பூசிக்கு ஆர்டர் கொடுத்தார். போட்டுக்கொண்டவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. வீண் செலவு என்று கிண்டலடித்தே அவரை ஒரு வழி பண்ணினார்கள். அடுத்து வந்த அரசுகள் முகக்கவசக் கையிருப்பைக் கரைய விட்டன. பாஷ்லோ காலத்தில் நூறு கோடியாக இருந்த சர்ஜிக்கல் மாஸ்க் 2020 தொடக்கத்தில் சுமார் 12 கோடிக்கு வந்திருந்தது. மருத்துவர்களுக்கே மாஸ்க் இல்லை என்றானதும் பாஷ்லோவை ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் டெல்லி பார்த்துக்கொண்டிருந்தது, ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்த இத்தாலியை. இரண்டாவது, நம் கைவசம் இருந்ததை: பரிசோதனைக் கருவி குறைவு, பாதுகாப்பு உடை பெரும்பாலும் இறக்குமதி. நாள் கடத்தினால்தான் இவற்றைச் சேர்க்க முடியும் என்பது நியாயமான வாதம்தான். 2021 ஏப்ரலில் நினைவில் இருந்தது வேறு: நெடுஞ்சாலையில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நடந்த கூலித் தொழிலாளிகளும், ஒரே காலாண்டில் கால் பங்கு சரிந்த பொருளாதாரமும். பூட்டியதால் பட்ட சூடு அது, ஆகவே பூட்டத் தயங்கினார்கள். தேர்தல் பிரச்சாரமும் கும்பமேளாவும் நடந்துகொண்டிருந்ததையும் மறக்கவில்லை. அதைக் கணக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் மாநிலங்களே பூட்டிக்கொண்டன. தமிழ்நாடு மே 10-இல்.

முதல் ஊரடங்கில் எனக்குள்ள குறை அதன் கடுமையைப் பற்றியது மட்டும் இல்லை. முதலில் 21 நாள், பிறகு மே 3, மே 17, மே 31 என்று தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். எந்த எண் எங்கே இறங்கினால் திறப்போம் என்று மக்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை. மே மாதம் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று மண்டலம் பிரித்தார்கள். அந்த யோசனை முன்பே இருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். மார்ச் 22-ஆம் தேதி மத்திய அரசு 75 மாவட்டங்களை மட்டும் முடக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் சென்னை, காஞ்சிபுரம், உங்கள் ஈரோடு. அந்தத் திட்டத்துக்குக் கிடைத்த அவகாசம் இரண்டே நாள். அதற்குள் ஏன் கைவிட்டார்கள் என்று அரசைக் கேளுங்கள். ஐந்நூறா லட்சமா என்பதைவிட அதுதான் சரியான கேள்வி.